புகைக்குப் பின்னால் யார்?

விஷத்தை விற்பவனுக்கு நாக்கில் தேன் வேண்டும். அந்தத் தேனைக் கூலிக்குத் தடவிக் கொடுப்பதற்கென்றே அமெரிக்காவில் ஒரு கூட்டம் உண்டு. அதன் வேஷத்தைக் கலைக்கும் சிரிப்புப் படம், 'தேங்க் யூ ஃபார் ஸ்மோக்கிங்'. 'புகைத்ததற்கு நன்றி' என்று பொருள். கிறிஸ்டோபர் பக்லி 1994-ல் வெளியிட்ட நாவலைக் கொண்டு, 2005-ல் ஜேசன் ரைட்மன் எடுத்த படம் இது.

கதாநாயகன் நிக் நெய்லர், சிகரெட் முதலாளிகளின் பணத்தில் நடக்கும் ஓர் 'ஆராய்ச்சிக் கழக'த்தின் பிரசாரகன். தன் தொழில் ரகசியத்தை அவன் மகனுக்குச் சொல்லித் தருகிறான். ஐஸ்கிரீமில் எது உயர்த்தி என்று இருவரும் தர்க்கம் செய்கிறார்கள். தகப்பன் பேச்சை மெல்லச் சுதந்திரத்தின் பக்கம் திருப்பிவிடுகிறான். "நீங்கள் ஒன்றையும் நிரூபிக்கவில்லையே!" என்று மகன் கேட்கிறான். நிரூபிக்க வேண்டியதில்லை, உன் கட்சி தவறு என்று காட்டினால் என் கட்சி சரியாகிவிடும் என்பது தகப்பனின் பதில்.

நாம் சிரிக்கிறோம். ஆனால் இது வெறும் கற்பனையா?

1953-ல் விஞ்ஞானிகள் சிகரெட் தாரை எலிகளின் முதுகில் தடவிப் பார்த்தார்கள், புற்றுநோய் கண்டது. அந்த டிசம்பரிலேயே கம்பெனித் தலைவர்கள் நியூயார்க் பிளாசா ஓட்டலில் கூடினார்கள். பிரசார நிபுணர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். 1954 ஜனவரி 4 அன்று, 400க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அவர்களுடைய விளம்பரம் வந்தது. மக்களின் ஆரோக்கியமே எங்களுக்குப் பெரிது, ஆனால் நோய்க்குக் காரணம் சிகரெட் என்பதற்கு ருசு இல்லை, நாங்களே ஆராய்கிறோம் என்றார்கள். ஆராய்ச்சி நடந்தது, சந்தேகம் வளர்ந்தது, விற்பனையும் நடந்தது. நாற்பது வருஷம் கழித்து, 1994 ஏப்ரலில், ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் முன் பிரமாணம் செய்து, நிக்கோடின் அடிமைப்படுத்தாது என்றார்கள். கம்பெனிகள் ஜனங்களை ஏமாற்றியதாக 2006-ல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார். இடையில் செத்தவர்களுக்கு எந்தத் தீர்ப்பு உயிர் கொடுக்கும்?

படத்தில் ஒரு காட்சி நெஞ்சை அறுக்கிறது. சிகரெட் விளம்பரத்தில் குதிரைவீரனாக நின்றவர் புற்றுநோயால் சாகக் கிடக்கிறார். நெய்லர் பெட்டி நிறையப் பணத்தோடு போய் அவர் வாயை அடைக்கிறான். உடம்பையும் வாங்கினார்கள், மௌனத்தையும் வாங்கினார்கள்!

படத்தில் நாம் காணும் குறையும் உண்டு. பேச்சுக்காரன் மீது நமக்கு ஆசை வந்துவிடுகிறது. பேச வைத்த முதலாளி பின்னால் ஒதுங்கிக்கொள்கிறான். கூலிக்கு மாரடிப்பவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கூலி கொடுப்பவனை மறந்து விடலாமா?

இந்த வித்தை சிகரெட்டோடு நிற்கவில்லை. பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கிறது என்பதை அமெரிக்க ஆலை முதலாளிகளும் நெடுங்காலம் மறுத்தார்கள். 1978-ல் சர்க்கார் தூசிக்கு வரம்பு விதித்ததும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1981-ல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை நிலைநிறுத்தியது. அதுவரை இருமியவன் முதலாளி அல்ல, தறியருகே நின்றவன்.

ஆகவே, 'இன்னும் ருசுவாகவில்லை' என்று எவனாவது தேனாகப் பேசினால், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உனக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்?