விலைபோன காவல்

ஊழல் ஒன்று வெளிப்பட்டவுடன் ஒரு மனிதனைச் சுட்டிக்காட்டி, “இவனே கள்வன்” எனக் கூறி அமைதி கொள்வது உலக வழக்கம். அமெரிக்கக் கடற்படையை உலுக்கிய லெனர்ட் பிரான்சிஸ் வழக்கிலும் இதுவே நடந்தது. அவருடைய பருமனைக் கேலி செய்து, ‘குண்டு லெனர்ட்’ எனப் பெயரிட்டுச் சிரித்தனர். அச்சிரிப்பில் கலந்துகொள்ள நம்மால் இயலவில்லை.

மலேசியரான பிரான்சிஸ், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு, ஆசியத் துறைமுகங்களுக்கு வரும் அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கு இழுவைப் படகு, எரிபொருள், குடிநீர், கழிவகற்றல் முதலியவற்றுக்கு ஏற்பாடு செய்துவந்தார். பொய்ப் பட்டியல்களாலும் மிகைக் கட்டணத்தாலும் அவர் சுருட்டிய தொகை 3 கோடியே 50 லட்சம் டாலருக்கும் அதிகம். ஒரு வணிகர் தனியே நின்று ஒரு கடற்படையைக் கொள்ளையிட முடியுமா? ஏழாம் கப்பற்படை அதிகாரிகள் சிலர் விருந்துக்கும் விடுதி அறைக்கும் விலைமகளிருக்கும் மயங்கி, கப்பல்களின் இரகசியப் பயண விவரங்களை அவரிடம் ஒப்படைத்தனர். அவருக்கு ஆதாயம் தரும் துறைமுகங்களுக்கே கப்பல்களைத் திருப்பவும் உதவினர்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. கடற்படையின் குற்றப் புலனாய்வுத் துறையில் மேற்பார்வை நிலையிலிருந்த ஜான் பெலிவோ, துறையின் கணினியிலிருந்த விசாரணை அறிக்கைகளை எடுத்து, விசாரிக்கப்படுபவரிடமே சேர்ப்பித்தார். சாட்சிகள் கூறியது என்ன, அடுத்த நடவடிக்கை எது என்பவையெல்லாம் முன்கூட்டியே கசிந்தன. வேலியே பயிரை மேய்ந்தது! 2016இல் அவருக்கு 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நேர்மையான புலனாய்வாளர்களோ, வழக்கு முடிந்துவிட்டதாகப் பொய் அறிக்கை ஒன்றை அதே கணினியில் இட்டுவைத்து, 2013 செப்டம்பரில் சான் டியேகோவுக்கு வந்த பிரான்சிஸைக் கைது செய்தனர். சொந்தத் துறையையே நம்ப இயலாமற்போன அவலம் இது.

“நீதி வென்றுவிட்டதே” என்பர் சிலர். 2024 நவம்பரில் பிரான்சிஸுக்கு 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் 2022இல் அவர் கண்காணிப்புக் கருவியை அறுத்தெறிந்து வெனிசுவேலாவுக்குத் தப்பியோடினார். அவ்வாண்டில் கையூட்டுக் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்ற நான்கு முன்னாள் அதிகாரிகளோ, அரசு வழக்கறிஞர்களின் தவறுகளால் அடுத்த ஆண்டே அத்தீர்ப்பினின்று விடுபட்டனர். சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு, தலைக்கு 100 டாலர் அபராதத்துடன் வீடு திரும்பினர். புலன்விசாரணையில் ஒருவரும் வழக்கு நடத்துவதில் வேறு சிலரும் தவறினால், நீதி எதைப் பற்றி நிற்கும்?

இவ்வதிகாரிகள் முதல் நாளிலேயே நாட்டை விற்கவில்லை. முதல் நாளில் ஒருவேளை விருந்தையே ஏற்றனர். மறுக்கக் கூசிய அந்த விருந்து, பின்னர் மறுக்க முடியாத கடனாயிற்று. அன்பளிப்பு, மரியாதை, நட்பு என நாமும் எத்தனை பெயர்களை வைத்திருக்கிறோம்! குண்டு லெனர்டைக் கண்டு சிரிக்குமுன், நம் மேசைமீது யார் வைத்துப் போன பொட்டலம் இருக்கிறது என்று பார்ப்போம்.