பதின்மூன்றாவது மாதம்

நம் முன்னோர் வகுத்த பஞ்சாங்கத்தில் மாதங்கள் எல்லாம் ஒரே அளவுள்ளவை அல்ல. மார்கழி 29 நாளில் முடிந்துவிடும்; ஆனி 32 நாள் வரையில் நீளும். சூரியனுடைய நடைக்குத் தக்கபடி அவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆனால் 28 நாளில் முடிகிற மாதம் நமக்குக் கிடையாது. அது இங்கிலீஷ்காரர்களின் பிப்ரவரிக்கே உரிய பாக்கியம். செல்போன் கம்பெனிகளோ வருஷம் முழுவதையுமே பிப்ரவரியாக்கி விட்டன! 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள். 13 வரும், 1 மிஞ்சும். மாதத்துக்கு ஒரு தடவை ரீசார்ஜ் செய்வதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை செய்கிறோம். அந்தப் பதின்மூன்றாவது மாதத்துக்குச் சம்பளம் கொடுக்கிற எஜமானரை நான் இன்னும் சந்தித்ததில்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது மரக்காணத்தில். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போகும் சாலை கடலோரச் சாலையைத் தொடுகிற ஊர் அது. வேனிற் காலத்தில் அவ்வழியே சென்றவர்கள், 3000 ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளங்களில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பைக் கண்டு, கண் கூசி நின்றிருப்பார்கள். நான் போனது ஐப்பசி மாதம். பாத்தி எது, வரப்பு எது, பக்கிங்காம் கால்வாய் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே வெள்ளம். மழைக்கு ஒதுங்கியது ஒரு சிறு ரீசார்ஜ் கடையில்.

அங்கே ஏற்கெனவே ஒரு மூதாட்டி ஒதுங்கியிருந்தாள். நாற்பது வருஷமாக உப்பு வாருகிறவளாம். கையில் பித்தான் வைத்த பழைய போன் ஒன்று இருந்தது. அதை முந்தானையால் துடைத்துத் துடைத்து, கடைக்காரப் பையனிடம் காட்டினாள்.

"தம்பி, போன வருசம் மழையிலே காசு போடாம விட்டுட்டேன். அளத்திலே வேலை இல்லே. கையிலே காசு இல்லே. தை பொறந்து வந்து கேட்டா, உன் நம்பரே இல்லை ஆயான்னுட்டாங்க. இப்போ அந்த நம்பருக்கு அடிச்சா யாரோ ஒரு ஆம்பிளை பேசுறான்."

இதில் என்ன பெரிய நஷ்டம், வேறு நம்பர் வாங்கிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5000 ரூபாய் உதவி கொடுப்பதைத் தமிழ்நாடு அரசாங்கம் 2022-ஆம் வருஷத்தில் தொடங்கியது. பணம் பாங்கிக் கணக்குக்குப் போகிறது; பாங்கியின் செய்தி போனுக்கு வருகிறது. ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, எரிவாயு உருளை யாவும் அந்தப் பத்து இலக்கத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. எண் கைமாறினால், அந்தச் செய்திகளும் இரகசியக் குறிகளும் யாரோ ஓர் அந்நியரின் சட்டைப் பைக்குள் போய் விழுகின்றன. ஆயா புது நம்பரைப் பாங்கியில் பதிவதற்காக மூன்று தடவை கூலியை விட்டுவிட்டு நடந்தாளாம்.

ஆகவே, மலிவான திட்டம் எது என்று ஆராய்வதற்கு முன்னால், எண்ணைக் காப்பாற்றும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2013-ல் ஒரு விதி செய்தது. 90 நாள் வரையில் உபயோகிக்கவில்லை என்பதற்காக எந்த எண்ணையும் ரத்துச் செய்யலாகாது. அதன் பிறகும், கணக்கில் 20 ரூபாய் மீதி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எண்ணைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். திட்டத்துக்குக் கட்டும் பணம் வேறு. இந்த மீதிப் பணம் வேறு. பேச்சுக்கு உதவாவிட்டாலும், பெட்டியடியில் முடிந்து வைத்த காசு போல 20 ரூபாய் அங்கே கிடப்பது நல்லது. ஆயாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்றுவரை தெரியாது.

இனி விலைக்கு வருவோம். கடைப் பலகையில் உள்ள பெரிய எழுத்தை நம்பாதீர்கள். நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2024 ஜூலையில் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தியபோது, ஜியோவில் தினம் ஒன்றரை ஜி.பி. டேட்டா தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆயிற்று. அதே அளவு டேட்டா தரும் 84 நாள் திட்டம் 666-லிருந்து 799 ஆயிற்று. மூன்று 28 நாளும் ஓர் 84 நாளும் ஒன்றுதானே? ஆனால் முன்னதற்கு 897 ரூபாய், பின்னதற்கு 799. சில்லறையாக வாங்குகிறவனுக்கு 98 ரூபாய் தண்டம். பலசரக்குக் கடையில் இந்த வித்தியாசத்தைக் கண்டால் சண்டைக்குப் போகிற நம் வீட்டுப் பெண்மணிகள், போன் விஷயத்தில் மட்டும் ஏன் மௌனம் சாதிக்கிறார்கள் என்பது விளங்கவில்லை.

இதைவிடப் பெரிய தண்டம் ஒன்று உண்டு: வேண்டாத பண்டத்துக்கு விலை கொடுப்பது. என் தாயாரும் பித்தான் போன்தான் வைத்திருக்கிறார். அதில் டேட்டா ஓடாது. ஆயினும் இரண்டு வருஷ காலம், தினம் ஒன்றரை ஜி.பி. அவர் பெயரில் வந்து, நள்ளிரவில் வீணாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பால் வாங்கித் தினமும் வாசலில் கொட்டியது போலத்தான். பேச்சுக்கு மட்டும் தனித் திட்டம் வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது; அத்தகைய திட்டங்களின் காலவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக நீட்டியது. 2025 ஜனவரியில் ஏர்டெல் இவ்வகையில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1849 ரூபாய் என்று அறிவித்தது. 299 ரூபாயைப் பதின்மூன்று தடவை கட்டினால் 3887 ஆகிறது. பேச மட்டுமே போன் வைத்திருப்பவருக்கு இதில் பாதிகூடச் செலவில்லை. கட்டணங்கள் அடிக்கடி மாறுபவை. ஆனால் வகுத்துப் பார்க்கும் முறை மாறாது. நிற்க, இந்தத் திட்டங்களைக் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் தேடாதீர்கள். வாய் திறந்து கேட்டால்தான் வெளியே வரும்.

கம்பெனியை மாற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை நாடு முழுவதற்கும் 2011 ஜனவரி 20-ஆம் தேதி வந்தது. இங்கிலீஷில் போர்ட் என்று எழுதி, ஓர் இடம் விட்டு, எண்ணையும் எழுதி 1900-க்குச் செய்தி அனுப்ப வேண்டும். வரும் குறியீடு நான்கு நாள் செல்லும். அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்தால், ஒரே வட்டாரத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். பழைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் செய்தி அனுப்பும் வசதி இல்லாவிட்டாலும் இந்த ஒரு செய்தியைத் தடுக்கக் கூடாதென்று 2021 டிசம்பரில் டிராய் கட்டளையிட்டிருக்கிறது. மீதிப் பணம் மட்டும் கூட வராது. ஆகையால் கெடு முடியும் தறுவாயில் மாறுவதே லாபம். நான் இச்செய்தியை அனுப்பிய அன்றே, பத்து வருஷமாக என்னை ஏறெடுத்தும் பாராத என் கம்பெனியிலிருந்து தேன் ஒழுகும் குரலில் ஒருவர் பேசினார். புதிய வாடிக்கைக்காரருக்குக் கொடுக்கும் விலையை எனக்கும் கொடுப்பதாகச் சொன்னார். பழைய மருமகனுக்கு மரியாதை கிடைக்க வேண்டுமானால் மூட்டை கட்ட வேண்டும் போலிருக்கிறது!

ஆனால் மூட்டை கட்டுவதற்கு முன், போகிற இடத்தில் சிக்னல் உண்டா என்று அறிய வேண்டும். விளம்பரத்தைப் பாராதீர்கள், உங்களோடு அளத்தில் நிற்பவரின் போன் அங்கே மணியடிக்கிறதா என்று பாருங்கள். போனின் வகையையும் பார்க்க வேண்டும். ஜியோவின் கம்பிகளில் 2ஜி கிடையாது. பழைய பித்தான் போனை அங்கே கொண்டுபோனால் அது வெறும் கடிகாரமாகிவிடும். ஏர்செல் கதையும் நினைவிருக்கட்டும். 2018 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி படுத்தபோது, தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் மாறத் துடித்தும், குறியீடு பெறுவதற்கே சிக்னல் இல்லாமல் திண்டாடினார்கள்.

புதுப் போன் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் போனையும் பேச்சையும் சேர்த்து இரண்டு வருஷ ஒப்பந்தமாக விற்பது வழக்கம். கெடு தீர்ந்த பிறகும் போனுக்கான பணத்தைச் சேர்த்தே கட்டிக்கொண்டிருந்தவர்கள் அநேகர். கெடு முடிவதை முன்கூட்டி அறிவித்து, மலிவான திட்டத்தையும் சொல்ல வேண்டும் என்று 2020 பிப்ரவரி முதல் அங்கே கம்பெனிகளுக்கு விதி வந்தது. நம் ஊரில் போன் தனி, சிம் தனி; அந்த மட்டில் நாம் பாக்கியசாலிகள். நமக்கு வைத்திருக்கும் பொறி வட்டியில்லாத் தவணை. வட்டியில்லாக் கடன் என்பதே இல்லாத சரக்கு என்று ரிஸர்வ் பாங்கி 2013-ல் பாங்கிகளுக்கு எழுதியது. ரொக்க விலை என்ன, தவணைகளின் மொத்தம் என்ன, அதற்கு மேல் வேறு கட்டணம் உண்டா என்ற மூன்றையும் கேட்டால், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மழை விடவில்லை. நான் இவ்வளவும் தெரிந்த மேதாவியாக, "ஆயா, ஒரே தடவையாக 365 நாளுக்குப் போட்டுவிடுங்கள். வருஷம் முழுவதும் கவலை இல்லை. அதுதான் லாபம்" என்றேன். கையில் பணம் குறைந்தால் மிச்சத்தைத் தருவதாகவும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐப்பசியிலே போட்டா அடுத்த ஐப்பசியிலேதானேய்யா தீரும்? அப்பவும் மழை பெய்யுமே. அப்போ யார் குடுப்பாங்க?"

நான் வாயடைத்து நின்றேன். பையன் விரல்விட்டு எண்ணினான். 84 நாளுக்குப் போட்டால் தை முதல் வாரம் வரும். அளத்தில் சேறு வாரி, பாத்தி கட்டும் வேலை தொடங்கியிருக்கும். அப்போது இன்னோர் 84 நாள். அது தீரும்போது சித்திரை பிறந்திருக்கும். உப்பு விளைந்து கூலி தாராளமாக வரும் சமயம். பெரிய திட்டத்தை அப்போது போட்டால், இனிமேல் அது எப்போதும் சித்திரையிலேயே தீரும்.

"அதான் சரி" என்று சொல்லி, சுருக்குப் பையை அவிழ்த்து 469 ரூபாயை எண்ணி வைத்தாள். பிறகு இன்னும் இரண்டு பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து, "இது அந்த இருபது" என்றாள்.