இணைநோய் என்ற சொல்லும் இரவு உறக்கமும்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய பின், மாநில நல்வாழ்வுத் துறையின் நாளறிக்கைக்காக மாலைதோறும் எல்லோரும் காத்திருந்தோம். இறந்தோரின் வயதும் அவர்களுக்கிருந்த இணைநோய்களும் அதில் இடம்பெற்றன. நீரிழிவு என்னும் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த நீரிழிவு நோயாளர் பலர், அடுத்தது தாமே என்று எண்ணினர். இன்றும் ஏதேனும் ஒரு காய்ச்சல் பரவுகிறதென்ற செய்தி வந்தால், எங்கள் புறநோயாளர் பிரிவில் அதே முகங்களில் அதே கலக்கத்தைக் காண்கிறோம்.

அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைக் கொரோனா கடுமையாகவே தாக்கியது. 2021 மே மாதம் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை நோயும் பெரும்பாலும் அவர்களையே பற்றியது. ஆயினும் பட்டியல் சொல்லாத பாதியும் உண்டு. தொற்று கண்ட நீரிழிவு நோயாளரில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்பினர். வீடு திரும்பியோரின் இணைநோய்களை யாரும் மாலைதோறும் வாசிக்கவில்லை.

கவலை மனத்தோடு நிற்பதில்லை. உறக்கம் கெடும்போதும் அச்சம் நீளும்போதும் கார்ட்டிசால், அட்ரினலின் ஆகிய சுரப்புகள் மிகுந்து இரத்தச் சர்க்கரையை உயர்த்துகின்றன. உயர்ந்த எண்ணைக் கண்டு கவலை மேலும் பெருகுகிறது. சிலர் அந்த எண்ணைக் காணவே அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றனர். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை.

மலைவாழ்வு இக்கவலைக்குத் தனி வடிவம் தந்தது. பேருந்துகள் நின்றபோது, சேலத்திற்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் நெடுந்தொலைவாயின. கோடை விழா நடைபெறாத இரண்டு ஆண்டுகளும் சுற்றுலாவை நம்பிய சிறுகடைக்காரர்களுக்கு வருவாயற்ற காலம். மாத்திரை வாங்குவதா, அரிசி வாங்குவதா என்று தயங்கியவரிடம் ‘மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்பது அறிவுரை ஆகாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது. அது பெரும் உதவி. மனக்கவலையையும் அதே வாசலில் கேட்டறிய வேண்டும் என்பது எங்கள் கருத்து. நீரிழிவுக் குறிப்பேட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உள்ளன. ‘இம்மாதம் உறங்கினீர்களா, எதைக் குறித்து அஞ்சினீர்கள்’ என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். இதற்குக் கருவியோ செலவோ தேவையில்லை. இரண்டு நிமிட நேரம் போதும். கூட்டம் மிகுந்த நாளில் அந்த இரண்டு நிமிடம் அரிதென்பதையும் அறிவோம்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல். சர்க்கரை ஏறியவுடன் ‘நேற்று என்ன தின்றீர்கள்?’ என்று விசாரணை தொடங்குவது பல வீடுகளில் வழக்கம். அதன் விளைவு, நோயாளர் உண்பதை மறைக்கிறார். பிறகு எண்ணையும் மறைக்கிறார். உடன் அமர்ந்து உண்பதும் மாலையில் ஏரிக்கரை வரை உடன் நடப்பதும் அதைவிடப் பயன் தரும்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் ஆகியவை அச்சத்தாலும் வரும், சர்க்கரை தாழ்வதாலும் வரும். இன்சுலினோ சர்க்கரைக் குறைப்பு மாத்திரையோ எடுப்பவர் முதலில் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். கருவி இல்லையெனில் சர்க்கரை தாழ்ந்ததாகவே கொண்டு அவ்வாறே செய்யுங்கள். எண் சரியாக இருந்தும் படபடப்பு அடிக்கடி வருமானால், இதயத்தையும் சோதித்துப் பார்க்க எங்களிடம் வாருங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இருந்தால் அதையும் நோயாகவே கருதிச் சொல்லுங்கள். இரவில் மலையிறங்க இயலாதபோது டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டின் பின்புறம் உங்கள் கவலைகளை எழுதி வாருங்கள். சர்க்கரை எண்ணைப் பார்க்கும் முன் அதைப் படிக்கிறோம்.