தீங்கு செய்யாக் கருவி

மனிதன் படைத்த கருவிகளுள் மின் கருவி தனித்தன்மை வாய்ந்தது. அரிவாளின் கூர்மையைக் கண்ணால் காணலாம். அடுப்பின் வெம்மையை அருகில் சென்று உணரலாம். மின்சாரத்திற்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. பளபளக்கும் இஸ்திரிப் பெட்டியினுள்ளே கம்பியின் உறை கிழிந்திருப்பதை, அதனைத் தொடுபவர் அறியார். அறியும்போது காலம் கடந்துவிடும். ஆதலின், வாங்குபவர் ஆராய இயலாத ஒன்றை அவர்பொருட்டு வேறொருவர் முன்னரே ஆராய்ந்து வைத்தல் வேண்டும். இதுவே மின் கருவிச் சோதனையின் அடிப்படை அறம்.

1893ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. மின்விளக்குகள் எங்கும் ஒளிவீசின. கண்டோர் வியந்தனர், காப்பீட்டுத் தொழில் செய்வோரோ அஞ்சினர். கம்பிகளிலிருந்து தீப்பற்றினால் இழப்பை ஈடுசெய்ய வேண்டியவர் அவரே அன்றோ? ஆகவே, வில்லியம் ஹென்றி மெரில் என்னும் இளம் பொறியாளரை அனுப்பி மின்னமைப்புகளை ஆராயச் செய்தனர். அடுத்த ஆண்டிலேயே மெரில் அந்நகரில் ஒரு சோதனைக்கூடம் தொடங்கினார். அதுவே பின்னர் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்னும் புகழ்பெற்ற நிறுவனமாக வளர்ந்தது.

சோதனைக்கூடத்தில் கருவி கடுமையாகவே ஆராயப்படுகிறது. வீட்டில் 230 வோல்ட்டு மின்னழுத்தத்தில் இயங்க வேண்டிய கருவியின் காப்புறை, அங்கே 1000 வோல்ட்டையும், சிலவற்றில் 3000 வோல்ட்டையும் ஒரு நிமிடம் தாங்க வேண்டும். வெளியே கசியும் மின்னோட்டம் மில்லி ஆம்பியர்க் கணக்கில் அளக்கப்படுகிறது. உலோக உடலுக்கும் நில இணைப்பு முனைக்கும் இடையே உள்ள மின்தடை 0.1 ஓமுக்கு மேற்படுதல் ஆகாது. உள்ளே கம்பி அறுந்து உடலைத் தொட்டாலும், மின்சாரம் மனிதரைத் தாக்காமல் நிலத்துக்குச் செல்வதற்கு அமைந்த வழி இது. மூன்று பின் பிளக்கின் நீண்ட பின் இவ்வழியின் வாயிலாகும். அதனை வெட்டியெறிந்துவிட்டு இரண்டு துளையில் செருகுபவர், சோதனைக்கூடம் அளித்த பாதுகாப்பைத் தம் கையாலேயே அழிப்பவர் ஆவர்.

தொட்டவரைக் காத்தல் மட்டும் போதாது. கருவி அயலாரையும் வருத்தலாகாது. ஒரு வீட்டில் மோட்டார் சுழன்றால் அடுத்த வீட்டு வானொலியில் இரைச்சல் எழுந்த காலம் உண்டு. இதனைத் தடுக்கும் வழிகாணப் பல நாட்டு வல்லுநர்கள் 1933இல் பாரிஸ் நகரில் கூடினர். ஒரு கருவி தன் அலைகளால் பிறவற்றைக் குலைக்காமலும், பிறவற்றின் அலைகளால் தான் குலையாமலும் இருத்தலை மின்காந்த இணக்கம் என்பர்.

இரைச்சல் தானே என்று இதனை எளிதாக எண்ணுதல் தவறு. மின் மோட்டாரால் இயங்கும் சக்கர நாற்காலிகள் சில, வானொலி அலைகளின் தாக்குதலால் தாமாகவே நகர்ந்தன என்னும் முறையீடுகள் அமெரிக்காவில் எழுந்தன. நடக்க இயலாத ஒருவர் அமர்ந்திருக்கும் நாற்காலி, அவர் ஏவாமலே நகர்ந்தால் அவர் என் செய்வார்? 1994இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இதில் தலையிட்டு, அலைகளிலிருந்து நாற்காலிகளைக் காக்கவும், பயன்படுத்துவோரை எச்சரிக்கவும் வேண்டுமென உற்பத்தியாளரைப் பணித்தது. சென்னைத் தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்தகைய இணக்கச் சோதனைகளைச் செய்து வருகிறது.

சோதனையால் விலை ஏறுகிறது; சிறு தொழில் நடத்துவோர் நலிகின்றனர் என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின் சுமையைக் குறைக்கும் வழி, கட்டணத்தைக் குறைத்து அரசு துணைநிற்றலே. சோதனையைக் கைவிடுதல் அன்று. கைவிட்டால் அச்செலவு மறைந்துவிடுவதில்லை. ஏதுமறியாத ஒரு குடும்பத்தின் தலையில் அது விழுகிறது. மலிவாக வாங்கிய கருவியினால் உயிரே போகுமாயின், அது மலிவு ஆகுமா?

இந்தியத் தர நிறுவனம் 1947இல் தோன்றி, 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறியது. எனினும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இன்றும் பழைய பெயரோடே வழங்குகிறது. போலி முத்திரையிடுவோரும் உளர். ஆதலின், அதனோடு உரிம எண் பொறிக்கப்பட்டுள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும்.

முத்திரை அழகுக்காக இட்ட அணி அன்று. முகமறியாத ஒருவர்க்கு, 'இக்கருவி உமக்குத் தீங்கு செய்யாது' என்று தரும் வாக்குறுதி அது. செய்வோர் அவ்வாக்கைப் பொய்யாமல் காக்க வேண்டும்; வாங்குவோர் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். வருமுன் காத்தலே அறிவுடைமை.