முகம் யாருக்குச் சொந்தம்?

இரண்டு வருடங்களுக்கு முன், முதலாம் தவணை தொடங்கிய வாரத்தில், நான் படிப்பிக்கும் தென்மராட்சிக் கிராமப் பாடசாலைக்கு ஒரு தொண்டு நிறுவனத்தார் அப்பியாசக் கொப்பிகளும் புத்தகப் பைகளும் கொண்டுவந்தார்கள். கூடவே பதாகையும் கமராவும் வந்தன. தகப்பனில்லாத பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தித் தரும்படி கேட்டார்கள். நிறுத்திக் கொடுத்தவன் நான்தான். தரம் ஐந்தில் படித்த ஒரு சிறுமி புதுப் பையைக் கண்டு சிரித்தபோது, "சிரிக்காமல் நில்லுங்கோ பிள்ளை" என்றார் படமெடுத்தவர். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் படம் முகநூலில் வந்தது. பிள்ளையின் பெயர், ஊர், தகப்பன் இறந்த விதம் எல்லாம் கீழே எழுதப்பட்டிருந்தன. மறுநாள் தாய் பாடசாலைக்கு வந்தார். "சேர், பையையும் கொப்பியையும் திருப்பித் தாறன். அந்தப் படத்தை அழிக்கச் சொல்லுங்கோ" என்றார். தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். "எங்கட கமராவில எடுத்த படம், எங்களுக்குத்தான் சொந்தம்" என்று பதில் வந்தது. பிள்ளை ஒன்பது நாள் பாடசாலைக்கு வரவில்லை.

அந்தப் பதில் சட்டப்படி முழுப் பொய்யல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தை ஒரு படைப்பாகக் கொள்கிறது. அதன் பதிப்புரிமை எடுத்தவருக்கு. சம்பளத்துக்கு வேலைசெய்பவர் தன் கடமையில் எடுத்தால் பொதுவாக அவரது தொழில்தருநருக்கு. எடுத்தவர் இறந்து 70 வருடங்கள் வரை அது நீடிக்கும். படத்தில் நிற்பவர் என்ற காரணத்துக்காக எவருக்கும் பதிப்புரிமை வருவதில்லை. நமது 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளிலும் அந்தரங்கம் ஒரு தனி உரிமையாக எழுதப்படவில்லை.

ஆனால் பதிப்புரிமை என்பது படத்தை வேறொருவர் களவெடுக்காமல் காக்கும் வேலி மட்டுமே. முகத்துக்கு எழுதிய காணி உறுதியாக அதை நீட்டுபவர்கள் சட்டத்தையும் அரைகுறையாகவே படித்திருக்கிறார்கள். மானத்துக்கு ஊறு செய்தவரிடம் நட்டஈடு கேட்கும் வழி நம் நாட்டு ரோமன்-டச்சுச் சட்டத்தில் இருக்கிறது. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம் பிள்ளையின் அந்தரங்கத்தையும் கௌரவத்தையும் காக்கச் சொல்கிறது. 2022 இல் நிறைவேறிய தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவுகளை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதுதான் தள்ளித் தள்ளிப் போனது. கூலிக்குப் போகும் ஒரு விதவை வழக்கறிஞரைத் தேடி யாழ்ப்பாணம் போகமாட்டார் என்ற துணிவில்தான் இந்தப் படங்கள் எடுக்கப்படுகின்றன.

இந்த வலி எனக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கட்டளையிட்டபோது எனக்கு ஒன்பது வயது. சோனகத் தெருவிலிருந்து புத்தளத்துக்குப் போய், ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். முகாமுக்குக் கமராக்கள் வந்துகொண்டே இருந்தன. பல வருடங்களின் பின் ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டையில் என் உம்மாவைக் கண்டேன். தண்ணீர் வாளியோடு நிற்கிறா, பெயர் இல்லை. பெருமையென்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். உம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "தலையில முக்காடு நழுவின நேரமாப் பார்த்து எடுத்திருக்கிறான்" என்று மட்டும் சொன்னா. அந்தப் புத்தகத்தை அலுமாரியில் வைக்க விடவில்லை.

உலகம் புகழ்ந்த படத்துக்கும் இதுதான் கதை. 1984 இல் பெஷாவருக்கு அருகே நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படம் 1985 ஜூனில் நெஷனல் ஜியோகிரபிக் அட்டையில் வந்தது. ஷர்பத் குலா என்ற அவரது பெயரை உலகம் அறிந்தது 2002 இல். முன்பின் தெரியாத ஓர் ஆண் படமெடுத்ததில் தனக்கு வந்த கோபத்தையே அவர் அப்போது நினைவுகூர்ந்தார். அந்தக் கண்களில் நாம் வியந்த கூர்மையில் கமராக்காரர் மீதான கோபமும் இருந்திருக்கிறது.

2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்த சில நாட்களில், பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களில் ஒன்று அமாரா மஜீதுடையது. அவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, இலங்கைப் பெற்றோரின் மகள். இன்னொருத்தியின் பெயருக்குக் கீழே அவரது முகம். பொலிஸார் பிழையை ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் அந்த முகம் உலகமெங்கும் போய்விட்டது. நாம் கொதித்தோம், கொதித்தது நியாயம். அதே நாம், ரமழானில் உலருணவுப் பொதி கொடுக்கும்போது வாங்குகிறவளின் முகத்தைப் படமெடுத்துப் போடுகிறோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று கேட்டு வளர்ந்த சமூகம் இது. கவிதை எழுதும் நாமோ, அகதிப் பெண்ணின் முகத்தைக் கேளாமல் எடுத்து அட்டையில் ஒட்டி, அவளுக்காக அழுததாகப் பாராட்டு வாங்குகிறோம்.

படம் இல்லாவிட்டால் 1990 ஐ யார் நம்புவார் என்று நண்பர்கள் கேட்பார்கள். சாட்சிப் படம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் அமர்ந்த தாய்மாரைப் பாருங்கள். காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களைத் தாமே உயர்த்திப் பிடித்தார்கள். எந்தப் படம், எங்கே, எதற்காக என்று முடிவுசெய்தவர்கள் அவர்கள். என் மாணவியிடமோ என் உம்மாவிடமோ அந்த முடிவை யாரும் விட்டுவைக்கவில்லை.

கேட்பதற்கு என்ன செலவு? எங்கே வரும், என்ன எழுதப்படும் என்று முதலில் சொல்லுங்கள். பிள்ளையென்றால் பெற்றவரிடம் கேளுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். முகத்தோடு பெயரையும் துயரத்தையும் சேர்த்துப் போடாதீர்கள். வேண்டாம் என்றால் கமராவை இறக்குங்கள். பிறகு வேண்டாம் என்றாலும் அழியுங்கள். பசித்தவர் பொதியைக் கையில் வாங்கும் நேரத்தில் சொல்லும் "சரி"யைச் சம்மதமென்று எண்ணாதீர்கள்.

இப்போது எங்கள் பாடசாலைக்கு உதவி வந்தால் கொப்பிக் கட்டுகளை மேசையில் அடுக்கிப் படமெடுக்கச் சொல்கிறேன். இதனால் திரும்பிப் போனவர்களும் உண்டு. அதிபர் என்னோடு மனஸ்தாபப்பட்டதும் உண்டு. அந்தச் சிறுமி இப்போது வேறு பாடசாலையில் படிக்கிறாள். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும்.