பாடத்தை விட்டால் 'நீட்'டும் இல்லை

காலை ஆறரை மணிக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ் நிலையத்தில் ஒரு கூட்டம் நிற்கும். கொத்து வேலைக்குப் போகிறவர்கள் கையில் சாப்பாட்டுத் தூக்கு. மைசூரில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள் கையில் தோல்பை. அவர்களுக்கு நடுவே பி.யு.சி. படிக்கும் பிள்ளைகள். அவர்கள் முதுகில்தான் கனம் அதிகம். ஒரே பைக்குள் கல்லூரிப் புத்தகம் ஒரு கட்டு. 'நீட்' பயிற்சிப் புத்தகம் இன்னொரு கட்டு.

பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிள்ளை டாக்டராக வேண்டும் என்ற ஆசை இல்லாத வீடு குறைவு. ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் கூலியை இழந்து நின்ற தகப்பனுக்கு அந்த ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் ஆசையோடு ஒரு தவறான எண்ணமும் வீட்டுக்குள் வந்துவிட்டது. "காலேஜ் மார்க்கை யாரும்மா பார்க்கிறாங்க? 'நீட்'டை மட்டும் படி" என்று பெற்றோரே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இதில் பாதி உண்மை. பாதி ஆபத்து.

பாதி உண்மை

எம்.பி.பி.எஸ். இடம் 'நீட்' மதிப்பெண் வரிசைப்படிதான் கிடைக்கிறது. பி.யு.சி.யில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அந்த வரிசையில் ஒரு படிகூட ஏற முடியாது. 2024-ல் நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தத் தேர்வை எழுதினார்கள். இருந்த இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அதிலும் ஏறத்தாழ பாதி தனியார் கல்லூரிகளில். கூலி வேலை செய்பவர் கட்டக்கூடிய கட்டணம் அரசு இடத்துக்கு மட்டுமே. இந்தக் கணக்கைப் பார்த்த பெற்றோர் பதறுவது இயற்கை.

பாதி ஆபத்து

ஆனால் பி.யு.சி.யில் தேறினால் மட்டும் போதாது. பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட பிரிவினர் 40 சதவீதமும் வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'நீட்' ரேங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. வாசல்வரை போய்ச் சாவியை வீட்டில் மறந்துவிட்டு வந்த கதையாகிவிடும்.

இன்னொன்று. டாக்டர் இடம் கிடைக்காத பிள்ளைகளே அதிகம். அவர்கள் அடுத்து நம்பியிருப்பது கர்நாடக 'சி.இ.டி.' தேர்வை. பொறியியல் படிப்புக்கு அந்த வரிசையில் பாதி எடை 'சி.இ.டி.'க்கு, மீதிப் பாதி பி.யு.சி. மதிப்பெண்ணுக்கு. வேளாண்மைப் படிப்புக்கும் பி.யு.சி. மதிப்பெண் சேர்கிறது. மண்டியா வி.சி. பார்மில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரம். கல்லூரிப் பாடத்தை அலட்சியம் செய்த பிள்ளைக்கு அந்தக் கதவும் பாதி சாத்திக்கொள்கிறது.

நாமக்கல் தந்த பாடம்

குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. ஒரு காலத்தில் நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் பெயர் மாநிலம் முழுவதும் அடிபட்டது. பிளஸ்-1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ்-2 பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைக்கும் பழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் பரவியது. 2007-ல் தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு ஒழிக்கப்பட்ட பிறகு பிளஸ்-2 மார்க்தான் எல்லாம். அதனால் அந்த வித்தை பலித்தது.

2017-ல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'நீட்' எழுத நேர்ந்தது. அந்தத் தேர்வில் ஏறத்தாழ பாதிக் கேள்விகள் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகின்றன. பிளஸ்-1 புத்தகத்தைச் சரியாகத் திறக்காத பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். அரசும் விழித்துக்கொண்டு 2017-18 முதல் பிளஸ்-1-க்குப் பொதுத்தேர்வு வைத்தது. பின்னர் 2025-ல் அது கைவிடப்பட்டது.

அதே தவறு இப்போது இங்கே வேறு உருவில் நடக்கிறது. முதல் பி.யு.சி. தேர்வு மாநிலப் பொதுத்தேர்வு அல்ல என்பதால் அந்த ஆண்டுப் பாடம் கை நழுவுகிறது. இரண்டாம் ஆண்டில் பயிற்சி மையம் போகும்போது அதே பாடத்துக்குப் பணம் கட்டி இரண்டாவது முறை உட்கார வேண்டியிருக்கிறது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் பாதி இதற்கே போகிறது.

புத்தகம் ஒன்றுதான்

பெற்றோர் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கர்நாடக பி.யு.சி. விஞ்ஞானப் பாடம் பல ஆண்டுகளாக என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைத்தான் பின்பற்றுகிறது. 'நீட்' கேள்விகளுக்கு அடிப்படையும் அதே புத்தகம்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக் காவிரி இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடினாலும் தண்ணீர் ஒன்றுதானே! அதுபோலத்தான் இதுவும்.

வேறுபடுவது கேட்கும் முறை. பி.யு.சி.யில் விளக்கி எழுத வேண்டும்; படம் வரைய வேண்டும். 'நீட்' தேர்வில் 2025-ல் 180 நிமிடத்தில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மார்க். தவறினால் 1 மார்க் கழிவு. மொத்தம் 720-ல் உயிரியலுக்கு மட்டும் 360. பாடத்தைப் புரிந்து படித்த பிள்ளைக்குக் குறிபார்த்து விடை சொல்வது பழக்கத்தில் வரும். புரியாமல் குறி மட்டும் பழகியவனுக்குக் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் போதும், விழுந்துவிடுவான்.

செய்முறைக்கும் இது பொருந்தும். பி.யு.சி.யில் ஒவ்வொரு விஞ்ஞானப் பாடத்துக்கும் 30 மார்க் செய்முறைக்கு உண்டு. ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் வீட்டில் கேள்வித்தாள் போடும் பிள்ளை, மைக்ராஸ்கோப்பில் செல்லைப் பார்த்ததே இல்லாமல் டாக்டராக நினைக்கிறது.

நேரமும் ஒரு செலவு

மைசூர் பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் போகவர இரண்டு மணி நேரம் போய்விடும். வருடத்தில் 250 நாள் என்றால் 500 மணி. கல்லூரி முடிந்து, மாலைப் பயிற்சியும் முடிந்து, இரவு ஒன்பதரைக்கு வீடு வரும் பெண் எப்போது தானாக உட்கார்ந்து படிப்பாள்? தானாகப் படிக்காத படிப்பு எந்தத் தேர்வுக்கும் உதவாது.

எனவே மாலையில் அன்றன்று கல்லூரியில் நடந்த பாடத்தை அன்றே படித்து, அதே பாடத்தில் முப்பது நாற்பது கேள்விகள் போட்டுப் பழகுவது மேல். மார்ச் மாதம் பி.யு.சி. தேர்வு; ஏப்ரலில் 'சி.இ.டி.'; மே முதல் வாரத்தில் 'நீட்' என்பதே வழக்கமான வரிசை. பி.யு.சி. முடிந்த பிறகு ஆறு வாரமாவது கையில் இருக்கும். முழு மாதிரித் தேர்வுகளுக்கு அந்த நாட்கள் போதும். மத்திய கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2023-ல் தொடங்கிய 'சாத்தி' இணையதளத்தில் பாடமும் பயிற்சியும் இலவசம். நகையை அடகு வைக்கும் முன் அதைத் திறந்து பார்க்கலாம்.

ஊருக்கு அனுப்பலாமா?

எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் பிள்ளையைத் தமிழ்நாட்டு விடுதிப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. அங்கே 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத மருத்துவ இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். பதினோராம் வகுப்பில் போய்ச் சேர்ந்தவருக்கு இல்லை. கர்நாடகத்திலோ ஏழு ஆண்டு படித்தவர்களுக்கு மாநில இடங்களில் உரிமை உண்டு. கிராமத்தில் பத்தாம் வகுப்புவரை படித்தவர்களுக்கும், கன்னட வழியில் படித்தவர்களுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. இந்தச் சான்றுகளைக் கடைசி நாளில் தேடாமல் இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

மொழி விஷயத்திலும் கவனம் தேவை. தமிழ்க் கேள்வித்தாள் தமிழ்நாடு, புதுவை போன்ற இடங்களில் உள்ள மையங்களில்தான் கிடைக்கும். இங்கே கன்னடம் கேட்டுப் பெறலாம். அதில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். கன்னடப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது பெரிய துணை.

கல்லூரியின் கடமை

பழியை முழுதும் பெற்றோர்மேல் போடுவது நியாயமில்லை. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு அரசு பி.யு. கல்லூரியே கதி. அங்கே ஆசிரியர் இடம் காலியாக இருக்கக்கூடாது. பாடம் முடிந்தபின் தினம் ஒரு மணி நேரம் 'நீட்' முறைக் கேள்விப் பயிற்சி அங்கேயே நடக்க வேண்டும். இது சலுகை அல்ல. அரசு செய்ய வேண்டிய காரியம்.

'நீட்' வேண்டாம் என்று தமிழ்நாடு சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. 2024 ஜூலையில் கர்நாடக சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. அந்த வழக்கு நடக்கட்டும். ஆனால் சட்டம் மாறும்வரை பிள்ளையின் பதினேழு வயது காத்திருக்காது.

ஆகவே இன்று இரவு மகள் கல்லூரிப் புத்தகத்தைத் திறந்தால், "அது எதுக்கு?" என்று எந்தத் தகப்பனும் கேட்க வேண்டாம். அவள் படிப்பது இரண்டு தேர்வுக்கும்தான்.