காதை விற்று வானொலி வாங்குவதா?

நெடுந்தூரப் பயணத்துக்கான மோட்டார் சைக்கிளில் கையடக்கச் செய்மதி வானொலியைப் பூட்டுவது எவ்வாறு என்று சொல்லித்தர வட அமெரிக்காவில் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அன்ரனாவை எங்கே ஒட்டுவது, வயரை எந்த வழியாக இழுப்பது, பியூஸ் எத்தனை அம்பியர் என்பதெல்லாம் நுணுக்கமாக விளக்கப்படும். அந்த ஒலி போய்ச் சேரவேண்டிய காதைப் பற்றி மாத்திரம் பெரும்பாலும் ஒரு வரிகூட இராது. இந்த மௌனம் தற்செயலானது என்று நான் நம்பவில்லை. பொருத்துகருவி விற்பவருக்குக் காது ஒரு விற்பனைச் சரக்கு அல்லவே.

முதலில் தூய்மைவாதிகளுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிளில் ஏறியவனுக்கு இயந்திரத்தின் ஓசையே போதும், வானொலி எதற்கு என்று கேட்பவர்கள் நெவாடா மாநிலத்தின் ஊடாகச் செல்லும் 50 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒரு பகற்பொழுது ஓடிப் பார்க்கட்டும். 1986 இல் 'லைஃப்' சஞ்சிகை அமெரிக்காவின் மிகத் தனிமையான வீதி என்று எழுதிய வீதி அது. பார்வைக் கோட்டில் செல்லும் பண்பலை வானொலி ஒரு மலை குறுக்கிட்டால் செத்துவிடும். கைத்தொலைபேசிக் கோபுரம் அடுத்த ஊர் வரும்வரை கிடையாது. 2001 செப்ரெம்பரில் எக்ஸ்.எம். நிறுவனமும் 2002 இல் சிரியஸ் நிறுவனமும் செய்மதி வழியே ஒலிபரப்பத் தொடங்கியபோது, ஒரே அலைவரிசையை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை கேட்கலாம் என்பது நெடும்பயணிக்குப் புதிய செய்தியாக இருந்தது. சமவெளியில் மாலையில் திரளும் இடிமேகம் எந்தப் பக்கம் நகர்கின்றது என்று அறிந்துகொள்வது ஆடம்பரமுமல்ல. ஆகவே வானொலி வேண்டாம் என்பதல்ல என் வாதம்.

பூட்டும் வேலையைக்கூட ஒழுங்காகச் செய்கின்றார்களா என்றால் அதுவுமில்லை. காந்த அடியுள்ள சிறு அன்ரனாவை பிளாஸ்ரிக் முகப்பில் வைத்தால் ஒட்டாது; அலுமினியத்திலும் ஒட்டாது. அடியில் ஒரு இரும்புத் தகடு வேண்டும். அந்த உலோகத் தளம் அலையை வாங்குவதற்கும் உதவும். செய்மதி நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே; அதாவது வட அமெரிக்காவிலிருந்து பார்த்தால் தெற்கு வானத்தில். அன்ரனாவை கைபிடியருகே பூட்டிக்கொண்டு வடக்கு நோக்கி ஓடுபவர், செய்மதிக்கும் அன்ரனாவுக்கும் நடுவே தமது உடம்பையே சுவராக நிறுத்துகின்றார். பிறகு சந்தாப் பணம் வீண் என்று புலம்புகின்றார்! பின்புறப் பெட்டியின் மூடிதான் அதற்கு உரிய இடம். மின்சாரத்தை பற்றரியிலிருந்து பியூஸ் வைத்து, சாவி திருகினால் மட்டும் பாயும் விதத்தில் எடுக்கவேண்டும். இயந்திரத்தின் வேகத்தோடு ஏறியிறங்கும் சிணுங்கல் கேட்டால் மண்தொடுப்பில் பிழை. வானொலியின் ஒலியை வண்டியின் சொந்த வானொலிக்கு எவ்.எம். அலையாகச் சிறு தூரம் அனுப்பும் வித்தையை விட்டுவிட்டு நேர் வயர் கொடுப்பதே மேல். நேற்று வெறுமையாக இருந்த அலைவரிசையில் இன்றைய ஊரின் நிலையம் வந்து குந்தியிருக்கும். அத்தகைய சில கருவிகள் அனுமதிக்கப்பட்ட அளவை மீறி அலை பரப்பியமை 2006 இல் அமெரிக்க சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவின் விசாரணைக்கும் உள்ளானது.

இனிக் காதுக்கு வருவோம்.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவரின் தலைக்கவசத்தினுள் காற்று எழுப்பும் இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டுவது வழமை. இது இயந்திரத்தின் சத்தமன்று. காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் விளிம்பிலும் கவசத்தின் அடிப்புறத்திலும் காற்று சுழன்று உடையும் சத்தம். விலையுயர்ந்த கவசமும் இதனை முற்றாகத் தடுப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் விதந்துரைக்கும் எல்லை 8 மணித்தியாலத்துக்கு 85 டெசிபல். மேலும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகின்றது. 94 இல் ஒரு மணித்தியாலம். 97 இல் அரை மணித்தியாலம். 100 இல் கால் மணித்தியாலம். நெடும்பயணி ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஆசனத்தில் இருக்கின்றார் என்பதை அவரே எண்ணிக்கொள்ளட்டும்.

இந்த இரைச்சலின் மேல்தான் வானொலி வந்து ஏறுகின்றது. பாட்டு கேட்கவேண்டுமானால் காற்றை மிஞ்சவேண்டும். முகப்பில் பூட்டிய ஒலிபெருக்கி 97 டெசிபல் காற்றை மிஞ்சிக் காதுக்கு எட்ட எவ்வளவு அலறவேண்டும்? அடுத்த சிக்னலில் அவர் நிற்கும்போது வீதியோரத்து வீடுகளெல்லாம் அவருடைய இரசனையை அறிந்துகொள்ளும். நேயர் விருப்பம் கேட்காத நிலையம் அது. இரவு விடுதியில் படுக்கும்போது காதுக்குள் ஒரு கீச்சொலி. நாலைந்து கோடைகளுக்குள் அது நிரந்தரக் குடியிருப்பாளனாகவும் ஆகலாம். உட்காதின் மயிர்க்கலங்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

மாற்று வழி எளிது. நுரை முனையுள்ள, அல்லது காதின் வார்ப்பில் செய்த அடைப்பு ஒலிக்கருவியை இரு காதுகளிலும் இட்டால், காற்றின் இரைச்சல் 20 டெசிபல் குறைகின்றது என்றே வைத்துக்கொள்வோம். 97 என்பது 77 ஆகிவிடும். அதன்மேல் செய்தி வாசிப்பவரின் குரல் மெல்லிய அளவிலேயே தெளிவாகக் கேட்கும். வெளி ஒலிபெருக்கியில் 100 ஐத் தாண்டவேண்டியிருந்த அதே குரல்.

இங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கின்றது. கலிபோர்னியாவின் வாகனச் சட்டக்கோவை 27400 ஆம் பிரிவு, இரு காதுகளிலும் ஒலிக்கருவி அணிந்து வாகனம் ஓட்டுவதைத் தடைசெய்கின்றது. இரைச்சலிலிருந்து காக்கும் வெறும் அடைப்பான்களுக்கு அதே பிரிவு விலக்களிக்கின்றது. அதாவது காதை அடைக்கலாம்; அடைத்த காதுக்குள் மெல்லிய குரலொன்று வந்தால் குற்றம். ஒரு காதில் மட்டும் போடலாம் என்பதால் மற்றக் காதைக் காற்றுக்குத் திறந்துவைத்து, போட்ட காதில் ஒலியைக் கூட்டுகின்றார்கள். புளோரிடாவோ, கவசத்தினுள் காதைத் தொடாமல் நிற்கும் ஒலிபெருக்கியை அனுமதிக்கின்றது. காதைத் தொடாத கருவி காற்றைத் தடுக்காது. எனவே அதையும் அலறவிடவேண்டும். முகப்பில் முழங்கும் ஒலிபெருக்கிகளைப் பற்றி இந்தப் பிரிவுகள் பேசுவதேயில்லை. காதைக் கெடுப்பவருக்கு அனுமதி, காப்பவருக்குத் தண்டம்!

அம்புலன்ஸ் சங்கு கேட்காதே என்பார்கள். நியாயமான கேள்வி. வெறுங்காதோடு 100 இல் ஓடுபவருக்கு மாத்திரம் அது கேட்கின்றதா? அடைப்பான் காற்றையும் சங்கையும் சேர்த்தே தணிக்கின்றது. இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. இசை சங்கை மூழ்கடிக்கலாம் என்பது உண்மை. அதற்கு மருந்து ஒலியைக் குறைத்து வைத்தலும் நகரத்துள் நுழைந்தால் நிறுத்துதலுமாகும். சட்டம் அளக்கவேண்டியது ஒலியின் அளவை. அளந்துகொண்டிருப்பதோ கருவியின் இருப்பிடத்தை.

கையடக்க வானொலியை நான் ஆதரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 ஆம் ஆண்டு ஹொண்டா கோல்ட் விங்கில் எக்ஸ்.எம். வாங்கி தொழிற்சாலையிலேயே சேர்ந்து வந்தது. வசதிதான். ஆனால் வண்டியோடு பிணைத்த கருவியின் உயிர் வேறொருவர் கையிலுள்ள சந்தாவில் இருக்கின்றது. 1997 இல் அமெரிக்க ஆணைக்குழு இந்த அலைக்கற்றைகளை ஏலத்தில் விட்டபோது, இரு நிறுவனங்களின் ஒலிபரப்பையும் ஒரே கருவியில் கேட்க வழிசெய்யவேண்டும் என்று விதித்தது. 2008 யூலையில் இரண்டும் ஒன்றாக இணையும்வரை அத்தகைய கருவி கடைக்கு வரவேயில்லை. இணைந்த சிரியஸ் எக்ஸ்.எம்., விளம்பரம், கட்டணம், சந்தா இரத்து ஆகியவை பற்றிய முறைப்பாடுகளைத் தீர்க்க 2014 டிசெம்பரில் 45 மாநிலங்களுக்கும் தலைநகர் வட்டகைக்குமாக 38 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. பாடம் படித்ததா? 2023 இல் நியூயோர்க் சட்டமா அதிபர் தொடுத்த வழக்கில், அதன் சந்தா இரத்து நடைமுறை சமஷ்டிச் சட்டத்தை மீறுகின்றது என்று 2024 நவெம்பரில் தீர்ப்பாயிற்று.

எமது பக்கத்திலும் இந்தக் கதை நடந்திருக்கின்றது. 2000 மார்ச்சில் ஏவப்பட்ட ஏசியாஸ்ரார் செய்மதியூடாக வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் இந்திய உபகண்டத்துக்கு ஒலிபரப்பியது. ஏ. ஆர். ரஹ்மான் அதன் இந்திய விளம்பர முகம். தமிழிலும் அலைவரிசை இருந்தது. 2008 ஒக்ரோபரில் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்பு கோரியது. 2009 டிசெம்பர் 31 உடன் இந்தியச் சேவை நின்றது. பணம் கொடுத்து வாங்கிய வாங்கிகள் மறுநாள் மேசைமேல் வெறும் பெட்டிகளாயின. ரொறன்ரோவில் துணை அலைவழித் தமிழ் வானொலி கேட்கத் தனி வாங்கி வைத்திருந்தவர்களிடமும் அப்படியான பெட்டிகள் மூலையில் கிடக்கக்கூடும். மேசையிலிருந்தால் எடுத்து எறியலாம். பல்லாயிரம் டொலர் மோட்டார் சைக்கிளின் முகப்புக்குள் புதைந்திருந்தால்?

கோடைக்கு முன் வானொலி பூட்டப்போகும் வாசகர் முதலில் காதின் வார்ப்பெடுக்கும் ஒலியியலாளரிடம் போகட்டும். அதன் பின்னர் தமது மாநிலத்தின், மாகாணத்தின் வாகனச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். அது அபத்தமாயிருந்தால் தமது பிரதிநிதிக்கு எழுதட்டும். வானொலியைக் கழற்றக்கூடிய தாங்கியில் பூட்டி, சந்தாவை எப்படி நிறுத்துவது என்பதை அதைத் தொடங்குவதற்கு முன்னரே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.